பக்கம் நூற்றுப் பன்னிரண்டு

எங்கள் தெற்கில் ஜூன் மாதம்தான் கடுங்குளிர்.
ஏழரை மணிக்கும் விடிந்திருக்காது.
லிங்குவா தீவிலிருந்து அச்சாவோ பள்ளிக்குப்
படகில் அரைமணி.
ஒன்பது பேர், ஒரே புத்தகம்.
நூலகத்தில் அதற்கு இரண்டாம் பிரதி கிடையாது.
பிளாஸ்டிக் பையில் சுற்றி
லைஃப் ஜாக்கெட்டுக்குள் செருகி
ஆளுக்கு ஒரு வாரம்.
மார்ச்சிலிருந்து சுற்றுகிறது; இது இரண்டாம் சுற்று.

திங்கட்கிழமை கைமாறும்.
அன்றைக்குத்தான் சண்டை.

"நாயைச் சாகடித்தது தப்பு" என்றாள் ஒரியானா.
நாய் சாகும் பக்கங்களை
இரண்டு கிளிப் போட்டு மூடியிருந்தாள்,
தம்பி படித்துவிடக் கூடாதாம்.
எலியாசருக்கு வரைபடம் பிடிக்கவில்லை:
"ஆறு கடலிலிருந்து மலைக்கு ஓடுகிறது.
இதை வரைந்தவர் ஒருநாளாவது
துடுப்புப் பிடித்திருப்பாரா?"
படகோட்டியின் மகன்.
கதையில் வரும் எந்தத் தண்ணீரையும்
சும்மா விடமாட்டான்.

முத்தக் காட்சி மூன்றே வரி என்று
யாஸ்னாவுக்குக் குறை.
அந்த மூன்று வரியும் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.
ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

நான் என் கட்சியைச் சொன்னேன்.
எனக்கு எப்போதும் ஒரு கட்சி உண்டு.
"ஏன் எல்லாக் கதையிலும்
முதல் அத்தியாயத்திலேயே அம்மாவைக் கொல்கிறார்கள்?
உயிரோடு இருந்தால்
எங்கே போகிறாய், ஸ்வெட்டர் எங்கே என்று கேட்பாள்.
சாகசம் வாசற்படி தாண்டாது. அதனால்தான்.
எழுதுகிறவர்களுக்குச் சோம்பல்."

எல்லோரும் சிரித்தார்கள்.
சிரிப்பு இஞ்சின் சத்தத்தோடு கொஞ்ச தூரம் வந்தது.
பிறகுதான் உறைத்தது
எதிர் பெஞ்சில் இருப்பவள் மிலென்கா என்று.

போன வருடம் அவள் அம்மாவின் பெட்டி
இதே படகில்தான் வந்தது.
இந்தப் பெஞ்சுகளைக் கழற்றித்தான்
இடம் பண்ணினார்கள்.

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
என்ன பயன், சொல் வெளியே போயாயிற்று.

"சோம்பல்தான்," என்றாள் மிலென்கா,
கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்தபடி.
"அவளுக்கு ஒரு சாவி கிடைக்கிறது,
பேசுகிற நரி கிடைக்கிறது.
எனக்குக் கிடைத்தது பெரியம்மா வீட்டு மாடியறை,
இரட்டைப் போர்வை ஒன்று,
ஊரார் கொண்டுவந்த ஏழு கேக்."
கொஞ்சம் நிறுத்தினாள்.
"ஏழையும் தின்றேன். அந்த வாரம் அப்படி ஒரு பசி.
எந்தக் கதையிலும் யாருக்கும் பசிப்பதில்லை."

ஒரியானா அவள் கையைப் பிடிக்கப் போனாள்.
மிலென்கா கையைக் கொடுக்கவில்லை,
புத்தகத்தைக் கேட்டாள்.

"ஒரு பக்கம் மட்டும் நிஜம். நூற்றுப் பன்னிரண்டு.
நரி எதையோ நீளமாக விளக்குகிறது.
அவள் அதைக் கேட்காமல்
அம்மாவின் கோட்டுப் பைக்குள் கைவிட்டு
ஒரு பழைய பஸ் டிக்கெட்டை எடுத்துப் பார்த்து
திரும்ப அங்கேயே வைக்கிறாள்.
அப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை வராது.
எழுதியவருக்கு என்னமோ தெரிந்திருக்கிறது.
மிச்சமெல்லாம்
புத்தகம் தடியாக இருக்கட்டும் என்று எழுதியது."

எலியாசர் பக்கத்தைப் புரட்டி
டார்ச் அடித்துப் பார்த்தான்.
இருந்தது.
நாங்கள் எட்டுப் பேரும்
நரி பேசுவதைத்தான் படித்திருந்தோம்.

படகு வேகம் குறைந்தது. அச்சாவோ விளக்குகள்.
கயிறு வீசினார்கள்.
மன்னிப்புக் கேட்க
மூன்று வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன்.
அதற்குள் அவள் ஒரியானா பக்கம் திரும்பி,
"ஆனால் நாய் செத்தது சரிதான்.
கிழட்டு நாய் அது. கிளிப்பை எடு."
"மாட்டேன்."
"எடு."
"மாட்டேன் என்றால் மாட்டேன்."

துறைப் படிக்கட்டு முழுக்க அந்தச் சண்டை.
நான் அவர்கள் பின்னால்,
ஜாக்கெட்டுக்குள் புத்தகம்,
விலா எலும்பில் இரண்டு கிளிப்பும் குத்த.
இந்த வாரம் என் முறை.