முந்நூறு எண்கள்

திபிலீசியில் ஊரடங்கு ஒன்பது மணிக்கு.
ஒன்பதே காலுக்கு நான் அழைக்கத் தொடங்குவேன்.
பல்கலைக்கழகம் தந்த பட்டியல், முந்நூறு எண்கள்,
ஆளுக்கு இருபது கேள்விகள்,
விடைகள் ஐந்தே:
ஒருபோதும் இல்லை, அரிதாக, சில வேளை, அடிக்கடி, எப்போதும்.
ஆறாவதாக யாராவது ஒன்று சொன்னால்
எழுத இடமில்லை.

நினைத்ததைவிட அதிக நேரம் இணையத்தில் இருந்துவிடுகிறீர்களா?

"ஒருபோதும் இல்லை" என்றார் நோதார்.
சிற்றுந்து ஓட்டுபவர். வண்டி மார்ச்சிலிருந்து முற்றத்தில் நிற்கிறது.
அவர் குரலுக்குப் பின்னால் ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது.
எல்லா ரயிலும்தான் நின்றுவிட்டதே?
"நார்வே" என்றார், சற்றுக் கழித்து.
"ஓட்டுநர் பெட்டியில் எவனோ கேமரா வைத்திருக்கிறான்.
ஏழு மணி நேரம். பனி, சுரங்கம், மறுபடி பனி.
நிலையம் வந்தால்
என் வலது கால் தானாக அழுந்துகிறது, அம்மா."
ஒருபோதும் இல்லை, என்று குறித்தேன்.
சொன்னதைத்தான் குறிக்க வேண்டும்.

எதேரி பல் மருத்துவர்.
தான் பார்த்திராத நாடுகளின் சாவுக் கணக்கை
மணிக்கு எத்தனை முறை பார்க்கிறாள் என்று அவளுக்கே தெரியாது.
"உருகுவேயில் நேற்று ஒருவர்கூட இல்லை.
நிம்மதியாகத் தூங்கினேன், நாற்பது நிமிடம்."

வேறொருத்தி, மகனுக்கும் சேர்த்துத் தானே பதில் சொல்லலாமா என்றாள்.
அடுத்த அறையில்தான் இருக்கிறான்.
சாப்பிட வா என்பதையும் எழுதித்தான் அனுப்புகிறாளாம்.
பதிலுக்கு அவன் ஒரு கட்டைவிரல் அனுப்புவான்,
சூப் ஆறிப்போகும்.

க்ல்தானியிலிருந்து வார்தோ.
இருபதும் முடிந்தபின்
"இன்னும் இருக்கிறதா?" என்றாள்.
இல்லை என்றேன்.
"அப்படியென்றால் முதலிலிருந்து கேளேன்."
கேட்டேன்.
இம்முறை எல்லாவற்றுக்கும்
வேறு விடைகள் சொன்னாள்,
இன்னும் மெதுவாக.
எதைக் குறிப்பது?
இரண்டுக்கும் நடுவில் ஒன்றைக் குறித்தேன்.
என் வேலையில் அதுதான் பொய்.

பேராசிரியரின் மின்னஞ்சல்:
முந்நூறில் எத்தனை பேருக்கு இந்தப் பழக்கம்?
எனக்குச் சதவீதம் வேண்டும், ஒற்றை எண்ணாக.
அது வந்தபோது மணி மூன்று நாற்பது.
மூன்று நாற்பத்தொன்றுக்குப் பதில் போட்டேன்.
மூன்று நாற்பத்திரண்டுக்கு அவர் நன்றி சொன்னார்.
தூங்கவில்லையா என்று
அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
நாங்கள் இருவரும்
அந்த முந்நூறில் இல்லை.