போதும்

ஸ்ட்ரான் படகுத்துறையில்
மிதவைச் சட்டையை நீட்டியபடி
பெயர் கேட்டார் ரோவன்.
போதும்பொண்ணு, என்றேன்.
பாதியில் தடுக்கி விழுந்து
"போதும்" என்று எழுந்தார்.
அப்படியே பட்டியலில் ஏறினேன்:
கூடாரம் நான்கு, உணவு சைவம், நீச்சல் தெரியாது.

என்ன அர்த்தம் என்றாள் சிக்னே,
டென்மார்க்கிலிருந்து சாகசம் தேடி வந்தவள்.
மூன்றாவது பெண், என்றேன்.
பெயரே மூன்றாவது பெண்ணா?
கிட்டத்தட்ட.

படகு எங்களை மணலில் இறக்கிவிட்டுத் திரும்பியது.
இனி பத்து நாள் கழித்துத்தான்.
தென்னமெரிக்காவை விட்டபின்
எதிலும் முட்டாமல் வந்த காற்று
கூடாரத்தை அறைந்து அறைந்து விசாரித்தது:
உனக்கென்ன வேலை இங்கே?

அதையேதான் அம்மாவும் போனில் கேட்டாள்.
களை எடுக்கப் போறேம்மா.
கூலி எவ்வளவு?
கூலி இல்ல. நான்தான் கட்டியிருக்கேன், அறுநூறு டாலர்.
(ஹோபார்ட்டில் ஓட்டல் தட்டு கழுவிச் சேர்த்தது;
அதைச் சொல்லவில்லை.)
நூறு நாள் வேலையில் அன்றுதான்
கண்மாய்க் கரையில் முள் வெட்டி வந்திருந்தவள்
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு சிரித்தாள்.
சிரிப்பு நிற்காமல்
பக்கத்திலிருந்த செல்லக்காவிடம் போனைக் கொடுத்தாள்.
ஏன்டி, இங்க இல்லாத களையா?

முதல் செடியை ரோவன் பிடுங்கிக் காட்டினார்,
வேரோடு, மெதுவாக.
மத்தியதரைக் கடலோரம் பிறந்தது,
கப்பலின் அடிவயிற்று மண்ணில் ஒளிந்து
விசா இல்லாமல் வந்தது,
அலையில் விதை மிதக்க விட்டுக்
கரை முழுவதையும் தன் பேருக்கு எழுதிக்கொண்டது.
வெற்று மணலில் முட்டையிடும் பறவைக்கு
இப்போது வெற்று மணல் இல்லை.

காம்பு ஒடிந்தது.
பால்.

எனக்குத் தெரியும்.
இந்தச் செடியை அல்ல,
இதன் சித்தி பெரியம்மாக்களை.
எங்கள் வேலியெல்லாம் அவர்கள்தான் நின்றார்கள்.

கண்ணில் பட்டால் பார்வை போகும், என்றார் ரோவன்,
கண்ணாடியைக் கழற்றவே கூடாது.
தோலில் பட்டால் கொப்புளம்.
வாயில் பட்டால்? என்றேன்.
எல்லோரும் சிரித்தார்கள்.
இதை யார் வாயில் வைப்பார்கள், போதும்?

கையுறையைச் சட்டைக்கைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன்.
எனக்கு அக்கா ஒருத்தி.
எங்களுக்கு நடுவில் ஒருத்தி
ரேஷன் கார்டு வரை வரவில்லை.
என் பெயரை வைத்தது அம்மா.
எது போதும் என்று அவள் சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை.

குனிந்தேன்.
சிக்னே மண்டியிட்டாள், கெஞ்சி உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தான்,
என் வரிசை முன்னால் போய்விட்டது.
பிடுங்கப் பிடுங்கக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும்,
இடுப்பில் தொங்கும் கருவி எண்ணிக்கொள்ளும்.
முதல் நாள் ஆயிரத்து நாற்பது.
நான்காம் நாள் அழுத்த மறந்தேன்.

ஆறாம் நாள் கை நீண்ட இடத்தில்
மணலே இரண்டு முட்டைகளாக இருந்தது.
நில்லுங்க! என்று கத்தினேன்,
தமிழில்.
தமிழ் தெரியாத நாலு பேரும்
தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றார்கள்.
சற்றுத் தள்ளி ஒரு சின்னப் பறவை
சிறகொடிந்தது போல் இழுத்து இழுத்து ஓடியது,
என்னைப் பிடி, என்னைப் பிடி என்று.
அவ்வளவு மோசமான நடிப்பு.
ஏமாந்தது போல் அதன் பின்னாலேயே நடந்தோம்.

கடைசி நாள்
சுத்தம் செய்த இடத்தில் சிக்னே காட்டினாள்:
நகக்கண் அளவு பச்சை, நூற்றுக்கணக்கில்.
விதை வருஷக்கணக்கில் மணலுக்குள் காத்திருக்குமாம்.
சரிதான், என்றாள், சாகசம் என்று போட்டிருந்தான்.
இருவரும் மறுபடி உட்கார்ந்தோம்.

படகு வந்துவிட்டது.
கைகளைக் குவித்து ரோவன் தூரத்திலிருந்து கூப்பிடுகிறார்
போதும்! போதும்!

பெயரைத்தான் சொல்கிறார்.
அர்த்தம் அவருக்குத் தெரியாது.
இன்னும் நாலு செடி, என்று
விரலைக் காட்டுகிறேன்.