காலைத் தளர்த்தும் இடம்

ஏறும்போது அது சாவதில்லை.
இதை முதலில் எழுதிவிடுகிறேன்,
எனக்கு உறைக்க மூன்று மாதம் ஆனது.

டனீடனுக்கு வடக்கே கில்மாக் மேடு,
மூன்றாம் கியர், மழை, பின்னால் ஒரு பால் லாரி.
அறுபத்தொன்பதாம் வருஷத்து எம்.ஜி.
முனகிக்கொண்டே முழு மேட்டையும் ஏறிவிடும்.
உச்சியில் அப்பாடா என்று காலைக் கொஞ்சம் தளர்த்தினால்
இருமல். இன்னொரு இருமல்.
டாக்கோமீட்டர் முள் தடுக்கி விழும்.

இழுவை வண்டியோடு தமாட்டி வந்தார்.
சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு.
அவர் முன்னால் ஓடிக் காட்டியது, வெட்கமே இல்லாமல்.
"எதுக்குக் கூப்பிட்டே?" என்று கேட்டார்,
என்னை இல்லை, பானட்டை.

லாக்லனுக்குக் காரணம் அன்றே தெரிந்துவிட்டது.
"நல்லா இருந்த பாயின்ட்டைக் கழட்டிட்டு
அந்தப் பெட்டியை யாரு மாட்டச் சொன்னது?
பாயின்ட்னா நகம் தேய்க்கிற அரத்தால ரெண்டு தேய்
தேய்ச்சு வீடு வந்துடலாம்."
புது மருமகள் வந்த வருஷம் கிணறு வற்றினால்
யார் தலையில் விடியும்?
கட்டைவிரல் அளவு மாட்யூல், ஒரு காந்த வளையம்,
சிவப்பில் ஒரு கம்பி, கறுப்பில் ஒன்று.
வாயில்லாதது. எல்லாப் பழியையும் வாங்கிக்கொண்டது.

இரவுப் பணி முடிந்து வந்து அளந்தேன்.
காயிலில் பன்னிரண்டரை வோல்ட்.
காயிலின் தடை மூன்று ஓம்.
மூடியில் விரிசல் இல்லை, ரோட்டரில் கரி இல்லை.
காந்தத்துக்கும் மாட்யூலுக்கும் நடுவே
ஒரு தபால் அட்டை நுழையும் இடைவெளி.
கராஜில் எல்லாமே சரி.
டாக்டரைப் பார்த்ததும் வலி போய்விடும் நோயாளிகள்
என் வார்டிலும் உண்டு.

ஆகஸ்டில் தோற்றேன்.
புகையிலை டப்பாவிலிருந்து பாயின்ட்டையும் கண்டன்சரையும் எடுத்து
திரும்ப மாட்டினேன். லாக்லன் டார்ச் பிடித்தான்,
வென்றவன் பிடிக்கிற மாதிரி.
மறுநாள் இருவருமாகப் போனோம்.
ஏறியது. உச்சி. தளர்த்தினேன்.
இருமல்.

வைக்கோவைட்டி வரை இரண்டாம் கியரில் மிதித்தபடியே போனோம்.
அவன் வாய் திறக்கவில்லை.
அந்த மௌனத்தை மிட்டாய்போல் சப்பிக்கொண்டு வந்தேன்.

அப்புறம்தான் தோன்றியது:
பழையதும் புதியதும் எதன்மேல் உட்கார்ந்தன?
ஒரே தட்டு.
லேசாக மிதிக்கும்போது கார்புரேட்டர் உறிஞ்சும்,
உறிஞ்ச உறிஞ்சத் தட்டு திரும்பும்.
கராஜில் சும்மா ஓடும்போது அது அசைவதே இல்லை.

வாக்குவம் குழாயைப் பிடுங்கி வாயில் வைத்தேன்.
இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உறிஞ்சினேன்.
பெட்ரோல், ரப்பர், ஐம்பது வருஷத் தூசி.
செத்தது.

தட்டிலிருந்து போகும் எர்த் கம்பி,
சுண்டுவிரல் நீளம், துணி உறை போட்டது.
உறைக்கு ஒன்றுமில்லை. உள்ளே செம்பு அறுந்து
முனைகள் பட்டும் படாமலும் கிடந்தன.
நேராக இருந்தால் உறவு,
திரும்பிக்கொண்டால் இல்லை.

கம்பளி கத்தரிக்கும் மாதங்களில்
லாக்லன் ஒரு தும்மல் போடமாட்டான்.
கடைசி ஆடு பட்டியைவிட்டுப் போன மறுநாள்
காய்ச்சலில் படுப்பான், வருஷம் தவறாமல்.
இதைச் சொன்னேன்.
"அதுக்கும் இதுக்கும் என்ன?" என்றான்.

எத்தனை முறை வளைந்தாலும் அறாத கம்பி வேண்டும்.
வீட்டில் அப்படி இருந்தது ஒன்றுதான்,
மீட்டரின் கறுப்புக் கம்பி.
வெட்டினேன். பற்றவைத்தேன்.

சனிக்கிழமை, புதியது மறுபடி உள்ளே.
உச்சியில் தமாட்டியின் வண்டி ஓரமாக நின்றது,
வேறு யாருக்கோ வந்தது.
என்னைக் கண்டதும் பெருமூச்சோடு
கொக்கியைக் கையில் எடுத்தார்.
ஜன்னலை இறக்கிவிட்டுக்
காலைத் தளர்த்தினேன்.

கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டே போனார்,
கொக்கியைப் பிடித்தபடி.