நீக்கியதும் நீங்கியதும்

சீட்டாட்டத்தைத்தான் நீக்கப் போனேன்,
தனியாளாக ஆடுகிற அந்த ஆட்டத்தை.
கிளாக்ஸ்விக் படகுத்துறை, ஜனவரி, காலை ஐந்தே முக்கால்.
விடிய இன்னும் நாலு மணி நேரம்.
கவுண்ட்டரில் நான், ஹீட்டர், லினக்ஸ் ஓடும் பழைய மடிக்கணினி.
நேற்று மட்டும் பதினோரு ஆட்டம்.
ஸ்பேட் ராணிக்குக் காத்திருந்ததில்
வரிசையில் நின்றவர் இருமியது காதில் விழவில்லை.
போதும் ரன்வா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மென்பொருள் கடையைத் திறந்தேன்.
கடை என்றுதான் பெயர், காசு கேட்காது.
சீட்டுக்கட்டுப் படத்தின் கீழே
சிவப்பில் ஒரு பொத்தான்: நீக்கு.
சிறு பெட்டியொன்று எழுந்து ஏதோ கேட்டது.
அதன் ஓரத்தில் சுண்டுவிரல் நகமளவு முக்கோணம்.
தொட்டிருந்தால் பட்டியல் விரிந்திருக்குமாம்.
யார் தொடுகிறார்கள்!
கடவுச்சொல் கேட்டது. கொடுத்தேன்.
கேட்டால் கொடுத்துவிடுகிற பழக்கம் எனக்கு.

பச்சைக் கோடு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.
ஐம்பத்திரண்டு சீட்டுக்கு இவ்வளவு நேரமா
என்று நினைக்கும்போதே
கால்குலேட்டர் போனது,
கோப்பு திறக்கும் ஜன்னல் போனது,
கீழ்ப்பட்டை, அதிலிருந்த கடிகாரம்,
மைத்துனன் மாட்டிவைத்த பஃபின் பறவை.
கடைசியில் கடையே
தன்னை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது.

கறுப்புத் திரை.
வெள்ளையில் ஒரு சொல், பக்கத்தில்
கண்சிமிட்டும் ஒரு கோடு.
எலியை அசைத்தேன். அசைய அங்கே அம்பு இல்லை.
எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையில்
எலி என்னவாயிற்று என்று
இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நான் நீக்கியது ஒன்று.
நீங்கியவை நாற்பத்து மூன்று.
இரண்டு சொல்லுக்கும் நடுவில்
ஒரேயொரு மெய்யெழுத்து.

யால்கிரிம் இழுவைப்படகில், நடுக்கடலில்.
"என்ன செய்தாய்?"
"ஒன்றும் செய்யவில்லை."
"எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.
உள்ளே ஒன்றுமில்லாத பொதி ஒன்று உண்டு ரன்வா,
வெறும் பெயர்ப்பட்டியல்.
ஒரு பெயர் குறைந்தால் பட்டியல் செல்லாது.
பட்டியல் போனால் மற்றவர்களைக் கேட்பாரில்லை என்று
கணினி தானே முடிவுகட்டி..."
அலை வந்து தொலைபேசியை வாங்கிக்கொண்டது.

ஆறரைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள்.
பழைய மீன் ரசீதின் முதுகில் எழுதினேன்:
கால்நடை மருத்துவர் பிர்ணா, தடுப்பூசிப் பெட்டி ஒன்று.
கார் மூன்று. கல்யாண கேக் ஒன்று, நிமிர்த்தி வைக்கவும்.
குளிரில் பேனா பாதிப் பெயரோடு நின்றது.
ஊதி ஊதி எழுதினேன்.
ஹெய்னி திரும்பி வந்தார்:
"நான் இன்றைக்குப் போகவில்லை, என் பெயரை அடித்துவிடு."
அடிக்கப் போன கை நின்றது.
"உங்களை நம்பி வேறு யாராவது வருகிறார்களா?"
ஒரு மாதிரியாகப் பார்த்தார்.
யோசித்தார்.
"அம்மா ஏறிவிட்டாள். அங்கே இறக்கிவிட ஆள் வேண்டும்."
தொப்பியைப் போட்டுக்கொண்டு அவரும் ஏறிப் போனார்.

இரவு எட்டுக்கு யால்கிரிம் கூப்பிட்டான்.
எழுத்தெழுத்தாகச் சொன்னான், எழுத்தெழுத்தாகத் தட்டினேன்.
இடைவெளிக்குக்கூட "இடைவெளி" என்று கத்தினான்,
பின்னால் எஞ்சின் ஒலி.
கறுப்பில் வரிவரியாக
தெரியாத பெயர்கள் ஏறி வந்தன,
தாமதமாக வந்த பயணிகள் மாதிரி மூச்சுவாங்கிக்கொண்டு.

பஃபின் வந்தது. கடிகாரம் வந்தது, சரியான நேரத்தோடு.
கணக்கேடுகள் எங்கேயும் போயிருக்கவில்லையாம்,
இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தனவாம்.
கூடவே
சீட்டாட்டமும் வந்து நின்றது.
பட்டியலில் அதற்கும் பெயர் உண்டே.

சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.
பெட்டி எழுந்தது.
இம்முறை முக்கோணத்தைத் தொட்டு
நாற்பத்து மூன்று பெயரையும் வாய்விட்டு வாசித்தேன்,
பாதி என் நாக்குக்கு வரவில்லை.
பிறகு 'வேண்டாம்' என்று அழுத்திவிட்டு
சீட்டைக் கலைத்துப் போட்டேன்.

அந்த ராணி
இன்றைக்கும் அடியில்தான் கிடந்தாள்.