ரோதமுனிக்கு உறுதி இல்லை

நோர்வூட் பக்கமிருந்து ஜீப்பில் வந்தவர்கள்
ஓடையோரப் பாறைகளில்
சிவப்புப் பெயின்ட்டால் எண்கள் எழுதிப் போனார்கள்.
பதினேழு
முனியின் நெற்றியில் விழுந்திருந்தது.

கொழுந்து நிறுக்கிற இடத்தில்தான் கேள்விப்பட்டோம்:
ஓடை குழாய்க்குள் போகப்போகிறது,
மூன்று கிலோமீட்டர்,
மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிக்
கரண்ட் ஆகும்.

கூட்டத்துக்கு வந்த எஞ்சினியர் விதானகே
நல்ல மனிதர், தமிழிலேயே கேட்டார்:
சாமி இடம் என்கிறீர்களே,
உறுதி இருக்கா?

சந்தனமேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
படுக்கிற காம்பராவுக்கே உறுதி இல்லை, ஐயா.

சக்கரத்துக்கு நாங்கள் விரோதிகள் இல்லை.
பேரைப் பாருங்கள், ரோதமுனி.
ரோதை சுற்றும்போது
விரல் பத்தும் விரலாகவே இருக்க
ஸ்டோருக்குள் தேங்காய் உடைத்துக் கும்பிட்ட சாமி.
அந்தப் பழைய ரோதையும்
இதே தண்ணீரில்தான் சுற்றியது.
குடித்ததை ஐம்பதடி கீழே
திருப்பி ஊற்றியது,
கைமாற்று வாங்கிய அரிசியைச்
சுண்டில் அளந்து கொடுப்பதுபோல.

அன்று இரவு
கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற கைகள்
குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்தன.
ஊற்றுக்கண்ணிலிருந்து பாலம் வரை
எல்லாக் கல்லுக்கும் பொட்டு.
துணி துவைக்கிற கல், வழுக்குக் கல்,
நண்டு ஒளிகிற கல்,
போன வருஷம் குமாரவேலு விழுந்து
பல் உடைத்துக்கொண்ட கல்.
மாதா கோயில்காரி சந்தனமேரிதான்
டோர்ச் பிடித்தாள்.
அதுவும் கரண்டில் சார்ஜ் ஏற்றியதுதானே
என்று இருட்டில் யாரோ கேட்டார்கள்.
ஒருவரும் பதில் சொல்லவில்லை.

காலையில் வந்த சர்வே பையன்
முக்காலியை ஊன்றி
வெகுநேரம் பார்த்தான்.
எது அவன் சிவப்பு, எது எங்கள் சிவப்பு
பிடிபடவில்லை.
சப்பாத்தைக் கழற்றினான்.
தண்ணீரில் இறங்கத்தான் கழற்றினான், தெரியும்.
ஆனாலும் முனிக்கு முன்னால்
வெறுங்காலோடு அவன் நின்ற நிமிஷத்தை
நாங்கள் எங்கள் கணக்கில் எழுதிக்கொண்டோம்.

பெயின்ட் மழையில் போகாது.
குங்குமம் போகும்.
அதனால் பெரட்டுக்கு முன்னால்
வாரம் இரண்டு தடவை
முறை போட்டுக்கொண்டு இறங்குகிறோம்.
இந்த வாரம் என் முறை.
நேற்றிலிருந்து விடாத மழை.
எண்ணெய் தீர்ந்துவிட்டது,
கடையில் கடனுக்குச் சொல்லியிருக்கிறது.