யாரும் மூட்டாத மூட்டம்

புரோகோப்பி,
செவ்வாய் சாயங்காலம் நான்கு மாடுகளும்
வழக்கமான இடத்தில் வந்து நின்றுவிட்டன.
நான் சாணம் அடுக்கவில்லை, தீ வைக்கவில்லை.
போன மாதத்துச் சாம்பல் வட்டம் மட்டும்.
அதைச் சுற்றி நின்றன,
கடை பூட்டியது தெரியாமல்
வரிசையில் நிற்பவர்களைப் போல.

கொசுவுக்கு நாம் போடும் மூட்டம்
ஓர் ஆள் உயரம்.
காற்று சொன்ன பக்கம் சாயும்.
நான்கு எட்டு வைத்தால் வெளியே வந்துவிடலாம்.
இது யாரும் மூட்டாத மூட்டம்.
பதினேழு நாளாக
எந்தப் பக்கம் நடந்தாலும் உள்ளேதான் இருக்கிறேன்.

கொசுகூட இல்லை.

விமானம் வந்தது, சத்தமாக மட்டும்.
தலைக்கு மேல் இரண்டு சுற்று,
பிறகு வந்த வழியே யாகூட்ஸ்குக்கு.
அகுலினாவின் இன்சுலின் அதில் இருக்கிறது.
சந்தாரா அனுப்பிய முகமூடிகளும்.
அதுவரை ஈரத்துண்டு.
காலையில் வெள்ளை, மதியம் தேநீர் நிறம்,
ராத்திரி அலசும்போது
நான் தண்ணீரைப் பார்ப்பதில்லை.

முப்பத்தேழு டிகிரி.
குளிருக்கென்று கட்டிய வீடு:
மரத்தின் இடுக்கெல்லாம் பாசி திணித்து,
சன்னலுக்கு மூன்று கண்ணாடி போட்டு.
திறந்தால் புகை. மூடினால் வேக்காடு.
நடு ராத்திரியில்கூட இருட்டாத மாதத்தில்
பகல் பன்னிரண்டுக்கு விளக்கைப் போட்டு
ரொட்டி வெட்டினேன்.

நிலவறைக்குள் இறங்கிப் பார்த்தேன்.
உன் அப்பா உறைமண்ணில் தோண்டியது,
கோடாரியே துள்ளித் தெறித்தது என்பாயே,
அந்த மண்ணில் என் பூட்ஸ் கணுக்கால்வரை புதைந்தது.
குதிரைத்தொடை நாறிவிட்டது.
நாய்களுக்குப் போட்டேன்,
மோந்துவிட்டு என்னைப் பார்த்தன.
மீன் கொஞ்சம் தேறும்.

மார்ச் மாதம், மைனஸ் முப்பதில்,
பனிக்கு நடுவே நூல் நூலாய்ப் புகை எழுந்ததே,
கரடி படுத்துக்கொண்டு சுருட்டு பிடிக்கிறது என்றாய்.
ஊரே சிரித்தது.
நானும்தான்.
அது மண்ணுக்கடியில் ஒவ்வொரு வேராகத்
தின்றுகொண்டே வந்திருக்கிறது.

உன் செய்தி கிடைத்தது. ஒன்றே ஒன்று.
'இருக்கிறேன். மண்வெட்டிப் பிடி உடைந்தது.
கேஸ்கிலுக்குக் கண் வீங்கிவிட்டது. உப்பு தீர்ந்தது.'
மூன்று தடவை பதில் எழுதினேன்.
மூன்றும் இன்னும் என் போனிலேயே நிற்கின்றன.

புல் அறுத்துப் போட்டிருக்கிறேன், காயமாட்டேன் என்கிறது.
வெயில் புகைக்கு மேலேயே நின்றுகொண்டு
சூட்டை மட்டும் கீழே அனுப்புகிறது.
இப்படியே போனால் குளிர்காலத்துக்கு
இரண்டு டன் குறையும்.
அதாவது ஒரு மாடு.
எந்த மாடு என்று
இப்போது யோசிக்கப் போவதில்லை.

இன்று வெள்ளி. மதியம் காற்று திரும்பியது.
முதலில் கம்பிவேலி தெரிந்தது,
அப்புறம் ஆறு,
அப்புறம் அக்கரையில் கவிழ்த்துப்போட்ட நம் படகு.
வெளியே வந்த பக்கத்து வீட்டுக் குழந்தை
இத்தனை தூரம் பார்த்து மிரண்டு அழுதது.
என் மணிக்கட்டில் ஒரு கொசு.
அடிக்கவில்லை. குடிக்கட்டும் என்று விட்டேன்.

சாயங்காலத்துக்குள் ஆயிரம் வந்துவிட்டன.
மாடுகள் வாலைச் சுழற்றி, காலை உதைத்து,
அதே வட்டத்தைச் சுற்றி.
காய்ந்த சாணத்தை அடுக்கினேன்,
நடுவில் கொஞ்சம் மரப்பட்டை வைத்தேன்.
தீப்பெட்டியை எடுத்தவளுக்கு
உரசக் கை வரவில்லை.
எவ்வளவு நேரம் நின்றேனோ.
வெள்ளை நெற்றிக்காரிக்குப் பொறுமை ஏது,
முதுகில் ஒரு முட்டு முட்டினாள்.

உரசினேன்.
ஓர் ஆள் உயரத்துக்கு எழுந்து
தெற்கே சாய்ந்தது.
நான்கும் அதற்குள் தலையை நுழைத்துக்
கண்ணை மூடிக்கொண்டன.
நான் நான்கு எட்டு தள்ளி நின்றேன்.
காலடியில் ஒரு வாளித் தண்ணீர்,
இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக.
அது அணைகிறவரை
வீட்டுக்குள் போகமாட்டேன்.