மிச்ச உயரம்

மே மாத முதல் வாரம்.
ஃப்ளூரினும் செராய்னாவும் இன்னும் ஏழு பேரும்
பனியாற்றுக்குப் போர்வை போர்த்துகிறார்கள்.
குளிருக்காக அல்ல.
குளிர் போய்விடாமலிருக்க.

வெள்ளைக் கம்பளித் துணி போலிருக்கும்; கம்பளி அல்ல, பிளாஸ்டிக் இழை.
ஒவ்வொரு சுருளும் ஒரு கன்றுக்குட்டி கனம்.
உருட்டி விரித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து,
சாக்கு மூட்டை தைக்கும் கைமெஷினால்
மலைமேல் மண்டியிட்டுத் தைத்துக்கொண்டே போகிறாள் செராய்னா.
ஊசி அடிக்கடி உறைந்துபோகும்.
வாயில் வைத்துச் சூடாக்குவாள்.

மயில் நடுங்குகிறதென்று நினைத்துத்
தன் தோளில் கிடந்ததைப் போர்த்திவிட்டுப் போனான் ஒருவன்.
தமிழில் அந்தக் கதை இருக்கிறது.
மயிலுக்கு அதனால் என்ன லாபம் என்று
அவனை யாரும் கேட்கவில்லை.
இங்கே கேட்கிறார்கள்.
சதுர மீட்டருக்கு இத்தனை பிராங்க்,
பனிக்குகை பார்க்க வருகிறவர் வாங்கும் சீட்டு இத்தனை பிராங்க்,
கழித்துப் பார்த்தால் கொஞ்சம் மிஞ்சுகிறது.
அதனால்தான் போர்வை.
குகை இல்லாத பக்கத்துப் பனிக்கு
ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம்.
இவர்கள் மறைக்கவில்லை.
பத்துக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் தெரிகிறது
மலையின் கட்டு.

ஜூன் மாதம் காற்றடித்துத் தையல் கிழிந்தது.
ஒட்டுப்போடப் போனவளுக்கு அங்கே வைத்துத் தம்பியின் போன்.
டூரி மொழிபெயர்ப்பாளன்.
நாடுகள் கூடிப் பேசும் அரங்கில்
கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து
ஒருவர் சொன்னதை இன்னொருவர் காதில் ஊற்றுகிறவன்.

"ஏசி தாங்க முடியவில்லை" என்றான்.
"பூமி சூடாவதைப் பேச வந்தவர்கள்
சால்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறார்கள்."
சிரித்தாள்.
அவன் சிரிக்கவில்லை.

மூன்று நாளாக ஒரே ஒரு வினைச்சொல்.
கைவிடுவோமா, குறைத்துக்கொள்வோமா.
இரண்டுக்கும் நடுவில்
ஒரு எண்ணெய்க் கப்பல் நின்று திரும்பும் அளவுக்கு இடமிருக்கிறது.

"இன்றைக்கு ஒரு தீவுக்காரி பேசினாள்.
அவள் நான் என்றால் நானும் நான் என்றுதான் சொல்லவேண்டும்,
தொழில் அப்படி.
என் அடுப்படிக்குள் கடல் வந்தது என்றேன்.
என் அப்பாவின் கல்லறையை நாங்கள் இரண்டு தடவை மாற்றினோம் என்றேன்.
அடுத்தது இன்னொரு நாட்டுக்காரர்.
இந்த வாசகத்தை எங்களால் ஏற்க இயலாது.
அதையும் நான்தான் சொன்னேன், செராய்னா.
அதே குரலில்.
நடுவில் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன்,
அவ்வளவுதான்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கிழிசலுக்குள் கைவிட்டுப் பார்த்தாள்.
உள்ளே ஈரம்.
துணிக்குக் கீழே எங்கேயோ
தண்ணீர் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

செப்டம்பரில் உரித்தெடுத்தார்கள்.
புழுதியும் செத்த பூச்சியும் சேர்ந்து
வெள்ளை, சாம்பலாகியிருந்தது.
ஓடையில் இழை இழையாய் மிதந்ததை
யாரும் படம் எடுக்கவில்லை.

போர்த்திய இடம் மட்டும் மேடாய் நின்றது.
சுற்றிலும் எல்லாம் இறங்கிவிட்டதால் வந்த மேடு.
ஏணி வைத்தார்கள். பதினோரு படி.
செராய்னா ஏறி நின்றாள்.
அவள் பாதம் இருந்த மட்டத்தில்தான்
போன மே மாதம் பனியாறு முழுவதும் இருந்தது.
இப்போது அங்கே காற்று.
அந்தக் காற்றின் மேல்
ஒரு காக்கை நிதானமாகக் கடந்து போனது.

டூரிக்கு ஒரு செய்தி அனுப்பினாள்:
"பதினோரு படி."
அதை எந்த மொழியில் சொல்வதென்று அவன் கேட்கவில்லை.

கீழே ஃப்ளூரின் நல்ல துணிகளை எண்ணுகிறான்.
போன வருடம் அறுபத்திரண்டு சுருள்.
இந்த வருடம் ஐம்பத்தைந்து.
பனி சுருங்கிவிட்டதால்
அடுத்த வருடத்துக்கு நாற்பத்தெட்டே போதும்
என்று பென்சிலால் குறித்துக்கொள்கிறான்.

செலவு குறைகிறது.
நகர சபைக்குச் சந்தோஷமாக இருக்கும்.